பழைய கணிப்பொறிக்குப் புதிய உறுப்புகள்: மாற்ற எளியவை எவை, அரியவை எவை?

ஜூன் மாதத் தொடக்கத்தில் இடவப்பாதி மழையும் பள்ளித் திறப்பும் கேரளத்தில் ஏறத்தாழ ஒருசேர வருகின்றன. இரண்டு மாதங்கள் பூட்டியிருந்த கணிப்பொறிக் கூடத்தைத் திறந்து, ஒவ்வொரு பொறியையும் இயக்கிப் பார்ப்பது அக்கூடத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியரின் முதல் வேலையாகும். ஈரக் காற்றில் கிடந்த பொறிகளுள் சில ஒன்றிரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டு வாளாவிருக்கும். சில இயங்கும், ஆயினும் திரையில் முகப்புத் தோன்றுவதற்குள் நான்கைந்து நிமிடங்கள் கழிந்துவிடும். நாற்பது நிமிட வகுப்பில், ஒரு பொறியின் முன் மூன்று மாணவர் அமர்ந்திருக்கும்போது, அந்த ஐந்து நிமிடம் சிறிய இழப்பன்று.

புதிய பொறிகள் வேண்டுமென்று மேலிடத்திற்கு எழுதுவது ஒரு வழி. அவை வந்து சேரும் வரையில், இருக்கும் பொறிகளில் எந்த உறுப்பை மாற்றினால் எவ்வளவு பயன் கிட்டும், அதற்கு எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பது வேறு கேள்வி. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பள்ளிகளை மனத்திற்கொண்டு இது எழுதப்படினும், மேசைக் கணிப்பொறி உள்ள எவ்விடத்திற்கும் பொருந்தும்.

கேரளத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-ஆம் ஆண்டில் ‘கைட்’ என்னும் சுருக்கப் பெயருடைய அரசு நிறுவனமாக உருமாறியது. அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் பூஜப்புரையில் உள்ளது. தகவல் தொழில்நுட்பம் பள்ளிகளில் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பில் அதற்குரிய தேர்வு கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. தமிழ்வழியில் பயிலும் மாணவர்க்கும் இது பொருந்தும். ஆகவே, பொறி மெதுவாக ஓடினால் பாதிக்கப்படுவது மாணவனின் பொழுதுபோக்கு அன்று, அவனுடைய மதிப்பெண்.

இப்பள்ளிகள் பல ஆண்டுகளாகவே கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகின்றன. 2024-ஆம் ஆண்டில் கைட் நிறுவனம் வெளியிட்ட கைட் குனு லினக்ஸ் 22.04 என்னும் இயங்குதளம், உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் இல்லாத பொறிகளை ஏற்பதில்லை. இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ அலுவலகப் பொறிகள் ஒரு தேதியோடு பழையனவாகிவிட்டன. லினக்ஸ் இயங்கும் பள்ளிப் பொறிக்கு அத்தகைய வாயிற்காப்போன் இல்லை. அதன் ஆயுளை முடிவு செய்வது அதனுள் இருக்கும் உறுப்புகளின் வலிமையே. அவ்வுறுப்புகளுள் சிலவற்றை நாம் மாற்ற இயலும் என்பதே நம் நற்பேறு.

உறுப்பும் அதன் உறவுகளும்

மேசைக் கணிப்பொறி பிரித்துக் கோக்கத்தக்க கருவியாக அமைந்தது தற்செயலன்று. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில், கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கென்றே காடிகள் வைக்கப்பட்டிருந்தன. அதன் தொழில்நுட்ப விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. அவற்றைக் கண்டு பிற நிறுவனங்கள் பொருந்தும் உறுப்புகளைச் செய்யத் தொடங்கின. 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, பலகையின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், மின் இணைப்பின் வடிவம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. இன்று நாம் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொரு நிறுவனத்தின் பலகையைப் பொருத்த முடிகிறதென்றால், அது அந்த ஒழுங்கின் பயனே.

எனினும் எல்லா உறுப்புகளும் ஒரே அளவு எளிதாக மாறுவனவல்ல. எளிமைக்கும் அருமைக்கும் காரணம் கைவேலையில் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் திருப்புளியைப் பிடிக்கத் தெரிந்த எவரும் எந்த உறுப்பையும் கழற்றி மாட்டிவிடலாம். ஓர் உறுப்பு வேறு எத்தனை உறுப்புகளோடு உடன்பட்டாக வேண்டும் என்பதே அதனை மாற்றுவதில் உள்ள சிரமத்தின் அளவு. சுட்டி எலி ஒரே ஒரு துளையோடு மட்டும் உறவுடையது. ஆதலின் அதை மாற்றச் சிந்தனையே வேண்டுவதில்லை. தாய்ப்பலகையோ பெட்டியிலுள்ள அனைத்தோடும் உறவுடையது. ஆதலின் அதை மாற்றுதல் ஏறக்குறையப் புதுப்பொறி ஒன்றைக் கோப்பதற்கே ஒப்பாகும். மற்றவை இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கின்றன.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெட்டி முழுவதையும் ‘சி.பி.யூ.’ என்று அழைப்பது நம் அலுவலகங்களில் வேரூன்றிய பழக்கம். ‘சி.பி.யூ. பழுது’ என்று எழுதி வரும் விண்ணப்பத்தைப் படிப்பவர், பெட்டியா, அதனுள் இருக்கும் சின்னஞ்சிறு செயலியா எனத் திகைக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் பெட்டியைப் பெட்டி என்றும், செயலியைச் செயலி என்றுமே குறிப்போம்.

முதலில் தட்டு

பழைய பொறி ஒன்றில் ஒரேயொரு உறுப்பை மாற்ற மட்டுமே பணம் இருக்குமானால், வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தை வைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் காரணத்தைக் கணக்கிட்டே காணலாம்.

வன்தட்டு என்பது சுழலும் வட்டு. மேசைப் பொறிகளில் உள்ளது பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வது. அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய செய்தி வட்டின் எப்பக்கத்தில் உள்ளதோ அப்பக்கம் படிமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நாலேகால் மில்லிநொடி தேவை. அதற்கு முன் படிமுனை தன் இடத்திற்கு நகர எட்டொன்பது மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் செய்திகளை நொடிக்கு எண்பது முறைக்குச் சற்று முன்பின்னாகத்தான் அதனால் எடுத்துத் தர இயலும். இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டின் பல மூலைகளிலிருந்து வர வேண்டியுள்ளன. நான்கு நிமிடம் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை. திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. அங்கு ஒரு செய்தியை எட்டுவதற்கு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும்.

மாற்றும் வேலையும் எளியது. 2003-ஆம் ஆண்டில் புழக்கத்திற்கு வந்த சாட்டா என்னும் இணைப்புமுறை இன்றும் மாறாத வடிவுடன் நீடிக்கிறது. மெல்லிய கம்பி ஒன்று செய்திக்கு, அகன்ற கம்பி ஒன்று மின்சாரத்திற்கு. இவ்விரண்டும் பொருந்தினால் காரியம் முடிந்தது. பழைய பலகையில் சாட்டாவின் வேகம் பாதியாகவே இருக்கலாம். அதைப் பற்றிக் கவலற்க. நமக்குக் கிடைக்கும் ஆதாயம் ஓட்டத்தின் வேகத்தால் அன்று, காத்திருப்பு ஒழிவதால் வருவது. புதிய சேமிப்பகம் இரண்டரை அங்குல அகலமுடையது. பெட்டியிலுள்ள இடமோ மூன்றரை அங்குலத் தட்டுக்கு உரியது. இதற்கென விற்கப்படும் சிறு தகட்டுச் சட்டத்தை உடன் வாங்குதல் நலம். அது கிடைக்கவில்லையெனினும், அசையும் பாகம் இல்லாமையால் இரு திருகாணிகளால் ஒருபுறம் மட்டும் பிணைத்தாலும் தீங்கில்லை.

நாற்பது ஊசிகள் கொண்ட அகன்ற நாடாக் கம்பியோடு தட்டு இணைந்திருந்தால், அப்பொறி சாட்டாவுக்கு முற்பட்டது. அதில் பணம் செலவிடுதல் வீண். மறுபுறம், அண்மைக்காலப் பலகைகளில் எம்.2 என்னும் தட்டையான காடி இருக்கும். அதில் செருகும் சேமிப்பகங்களில் சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். காடி எதனை ஏற்குமென்று பலகையின் கையேட்டில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

நினைவகம்: எளிது, ஆனால் ஏமாற்றும்

ரேம் எனப்படும் நினைவகத்தை மாற்றுவது தட்டை மாற்றுவதைவிடவும் குறைந்த நேரத்து வேலை. காடியின் இரு முனைகளிலும் உள்ள பற்றுகளை விலக்கி, அட்டையை நேராக அழுத்தினால் பற்றுகள் தாமே மூடிக்கொள்ளும். கம்பியுமில்லை, திருகாணியுமில்லை. உபுண்டு 22.04-க்கு 4 ஜி.பி. நினைவகம் பரிந்துரைக்கப்படுகிறது. 2 ஜி.பி. மட்டுமே உள்ள பொறியில் இரண்டு மென்பொருள்களைத் திறந்தவுடன், இடம் போதாத இயங்குதளம் தட்டின் ஒரு பகுதியையே நினைவகமாகக் கொள்ளத் தொடங்கும். முன்னர்க் கண்ட நொடிக்கு எண்பது முறை என்னும் கணக்கு இங்கு மீண்டும் வந்து சேரும். பொறி உறைந்ததுபோல் நிற்பது அதனாலேதான்.

வேலை எளிது, வாங்குவதில்தான் வழுக்கல். நினைவகத்திற்குத் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 ஆகிய இரண்டிலும் 240 தொடுமுனைகள், டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டிலும் 288. அட்டையின் நீளமும் நான்கிலும் ஒன்றே. ஆனால் ஏற்கும் மின்னழுத்தம் வேறு: டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், 3-க்கு 1.5, 4-க்கு 1.2, 5-க்கு 1.1. தவறான அட்டை செருகப்பட்டு எரிந்துவிடாமல் இருக்கும்பொருட்டு, விளிம்பிலுள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் சிறிது தள்ளி அமைக்கப்பட்டிருக்கிறது. அட்டை இறங்க மறுத்தால் அது நம்மிடம் பேசுகிறது என்று கொள்ள வேண்டும், மேலும் அழுத்தலாகாது.

இதனை எழுதுபவன் இப்பாடத்தை நூலில் கற்றவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன், பணிபுரிந்த அலுவலகம் ஒன்றில் இரு பொறிகளுக்கு நினைவகம் வாங்கும் குறிப்பை வரைந்தேன். ‘ரேம், 4 ஜி.பி., 2 எண்ணம்’ என்று எழுதினேன், தலைமுறையை எழுதவில்லை. கடைக்காரர் அன்று மிகுதியாக விற்றுக்கொண்டிருந்த டி.டி.ஆர்.4 அட்டைகளை அனுப்பினார், பொறிகளோ டி.டி.ஆர்.3 கேட்பவை. ஓர் அட்டையை நானே வலிந்து அழுத்தி, காடியின் பற்று ஒன்றையும் ஒடித்தேன். அட்டைகளைத் திருப்பி அனுப்பி, கோப்பைத் திருத்தி, மறுபடி ஒப்புதல் பெற ஏழு வாரமாயிற்று. சொல்லைச் சரியாகப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு, ஒரு சொல் விடுபட்டதனால் வந்த தண்டனை அது.

பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதற்கும் வரம்பு உண்டு. 2007-ஆம் ஆண்டையொட்டி வந்த ஜி31 சிப்செட் உடைய பலகை 4 ஜி.பி.-க்கு மேல் ஏற்காது. அதற்குச் சில ஆண்டு பின்னர் வந்த எச்61 சிப்செட் 16 ஜி.பி. வரை ஏற்கும். பெட்டியைத் திறவாமலே இவ்விவரத்தை அறியலாம்: லினக்ஸின் டெர்மினலில் டிமிடிகோட் என்னும் கட்டளை, பலகையின் பெயரையும், நினைவகத்தின் தலைமுறையையும், காலியாக உள்ள காடிகளையும் காட்டிவிடும். இரண்டு காடிகள் இருப்பின் ஒரே அளவுள்ள இரண்டு அட்டைகளைப் பூட்டுவது, ஒரே பெரிய அட்டையைப் பூட்டுவதினும் சற்று வேகம் தரும். மடிக்கணினிக்குரிய குட்டை அட்டைகள் மேசைப் பொறியில் பொருந்தா.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகங்களின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறி நிலையங்கள் உற்பத்தியின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொண்டமை அதற்கு முக்கியக் காரணம். இத்தகைய வேளையில் புதிதாக வாங்காமலே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கூடத்தில் ஒரே மாதிரியான பத்துப் பொறிகள், ஒவ்வொன்றிலும் ஒரு 2 ஜி.பி. அட்டை இருப்பதாகக் கொள்வோம். மிகவும் பழுதுற்ற ஐந்தின் அட்டைகளை மற்ற ஐந்தின் காலிக் காடிகளில் செருகினால், 4 ஜி.பி. உடைய ஐந்து பொறிகள் கிடைக்கும். பதிவேட்டில் பத்து என்று காட்டுவது பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் நின்று நின்று ஓடும் பத்தினும் தடையின்றி ஓடும் ஐந்தே வகுப்புக்குப் பயன்படும் என்பது என் கருத்து. மாணவர் எண்ணிக்கையைக் கருதி இதை மறுக்கும் ஆசிரியரும் இருக்கலாம். அவரவர் கூடத்தை அவரவரே அறிவர்.

ஜூன் மாதத்தில் ஒலி எழுப்பி நின்றுவிடும் பொறிக்குப் பெரும்பாலும் புதிய நினைவகம் தேவையில்லை. அட்டையைக் கழற்றி, பொன் பூசிய தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துத் திரும்பச் செருகினால் பல வேளைகளில் உயிர்பெற்றுவிடும். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த கரையோர ஊர்களில் இது ஆண்டுதோறும் நேர்வது. கடிகாரம் ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் போனால், பலகையிலுள்ள நாணயம் போன்ற சி.ஆர்.2032 மின்கலத்தை மாற்றுக. அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

மின் வழங்கியும் இடியும்

பழுது பார்ப்போர் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் மின் வழங்கி, பெட்டியின் பின்புறத்தில் நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஏ.டி.எக்ஸ். அளவுமுறையைப் பின்பற்றிய பொறியாயின் 24 முனைச் செருகியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது அரைமணி வேலை. சில நிறுவனங்கள் தமக்கெனத் தனி வடிவில் மின் வழங்கியும் செருகியும் அமைத்துள்ளன. அவற்றுக்குப் பொதுச் சந்தையில் விற்பது பொருந்தாது. வாங்குமுன் செருகியின் முனைகளை எண்ணிப் பார்ப்பதே வழி. மின் வழங்கியின் உட்பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி மின்தேக்கியில் நிற்கும். கம்பியைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கக்கூடும். மாணவர் முன்னிலையில் இதை வற்புறுத்திச் சொல்வது ஆசிரியரின் கடமை.

கேரளத்தில் மின் வழங்கியின் பெரும்பகை இடிமின்னல். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களிலும், துலாவர்ஷம் எனப்படும் அக்டோபர், நவம்பர் மழையிலும் இடி மிகுதி. ஆக்குளத்திலுள்ள தேசியப் பூமி அறிவியல் ஆய்வு மையம் இதனை ஆராய்ந்து வந்துள்ளது. மின்கம்பி வழியாக மட்டுமன்றி, கட்டடத்திற்குக் கட்டடம் இழுக்கப்பட்ட வலைப்பின்னல் கம்பி வழியாகவும் மின்னதிர்ச்சி உள்ளே வரும். அவ்வாறு வந்தால் எரிவது தாய்ப்பலகையோடு ஒன்றாகப் பதிந்த வலை இணைப்புத் துளை. பலகையை மாற்றத் தேவையில்லை. காலிக் காடியில் செருகும் வலை அட்டையோ, யூ.எஸ்.பி. துளையில் மாட்டும் சிறு இணைப்பியோ போதும். மிகக் குறைந்த செலவில் மீட்கத்தக்க இத்தகைய பொறிகள் ‘போர்டு போய்விட்டது’ என்ற ஒரே சொல்லோடு மூலையில் அடுக்கப்படுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கருத்தால் மின் செருகியோடு வலைக் கம்பியையும் பிடுங்கி வைப்பது நல்ல வழக்கம்.

கிராபிக்ஸ் அட்டையைப் பற்றிப் பள்ளிகள் அதிகம் சிந்திக்க வேண்டுவதில்லை. செருகுவது எளிது, காடியின் வழியே 75 வாட் வரை மின்சாரம் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் அட்டைக்கு மின் வழங்கியையும் மாற்ற நேரும், சிறு பெட்டியாயின் அட்டை உள்ளே அடங்கவும் செய்யாது. பாடநூலில் உள்ள பயிற்சிகளுக்குச் செயலியோடு கூடிய திரை வசதியே போதுமானது.

செயலி: ஊசிகள் ஒத்தும் உள்ளம் ஒவ்வாமை

செயலியை மாற்றுதல் கைவேலை அளவில் கால்மணி நேரமே ஆகும். விசிறியைக் கழற்றி, நெம்புகோலைத் தூக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து, வெப்பப் பசை சிறிது இட்டு, விசிறியைத் திரும்பப் பூட்டினால் முடிந்தது. இருந்தும் இதனை அரிய மாற்றங்களுள் சேர்க்கக் காரணம், செயலி நான்கு இடங்களில் உடன்பாடு பெற வேண்டியிருப்பதே: சாக்கெட், சிப்செட், பயாஸ், வெப்பம்.

இன்டெல் நிறுவனத்தின் மேசைப் பொறிச் சாக்கெட்டுகள் அவற்றின் தொடுமுனைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்றவை. 2004-இல் 775, 2009-இல் 1156, 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151, 2020-இல் 1200, 2021-இல் 1700. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாயில் மாறிக்கொண்டே வந்திருப்பதைக் காண்க. 2011-ஆம் ஆண்டுப் பொறி ஒன்றுக்கு அதே சாக்கெட்டில் அமரும் மூன்றாம் தலைமுறைச் செயலி வரையில்தான் உயர வழியுண்டு. அதுவும் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தால் மட்டுமே. இதனினும் வியப்பு 1151-இன் கதை. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்கும், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் செயலிகளுக்கும் தொடுமுனை எண்ணிக்கை ஒன்றே, உருவமும் ஒன்றே. ஆனால் முன்னவற்றுக்கு 100, 200 வரிசைச் சிப்செட்டும், பின்னவற்றுக்கு 300 வரிசைச் சிப்செட்டும் வேண்டும். பழைய பலகையில் எட்டாம் தலைமுறைச் செயலி அழகாக அமர்ந்துகொள்ளும், ஆனால் இயங்காது. நினைவக அட்டையின் வெட்டு நம்மைத் தடுத்ததுபோல் இங்கே தடுப்பார் எவருமில்லை. இதற்கு மாறாக, ஏ.எம்.டி. நிறுவனம் 2017-இல் பரவலாக்கிய ஏ.எம்.4 சாக்கெட், பயாஸ் புதுப்பிப்பின் துணையோடு பல தலைமுறைச் செயலிகளை ஏற்றது. அத்தகைய பலகையுள்ள பொறிக்கு மட்டும் செயலி மாற்றத்தைக் கருதலாம்.

பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் பலகையே செயலற்றுப் போகக்கூடும். யூ.பி.எஸ். இல்லாத கூடத்தில், அதுவும் மழைநாளில், இதில் கை வைக்கலாகாது. இன்டெல் சாக்கெட்டின் நுண்ணிய ஊசிகள் பலகையிலேயே நிமிர்ந்து நிற்பவை. விரல் நுனி பட்டு ஒன்று வளைந்தாலும் பலகைக்கே கேடு. கழற்றிய சாக்கெட்டை அதற்குரிய மூடியால் உடனே மூடிவிட வேண்டும்.

இத்தனை இடர்களையும் கடந்து கிடைக்கும் பயன் யாது? தட்டுக்காகக் காத்திருக்கும் பொறியில் எவ்வளவு வலிய செயலியை வைத்தாலும் அதுவும் உடன் காத்திருக்கத்தான் செய்யும். ஆதலின் தட்டையும் நினைவகத்தையும் மாற்றுவதற்கு முன் செயலியைப் பற்றி எண்ணுவது வரிசை பிறழ்ந்த செயல். விதிவிலக்கு ஒன்றே: 32-பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய பொறி. உபுண்டு 22.04-க்கு 32-பிட் பதிப்பே இல்லாமையால், அதில் எதை மாற்றினும் புதிய இயங்குதளம் ஏறாது. அதற்கு விடைகொடுக்க வேண்டியதுதான்.

தாய்ப்பலகை பழுதுற்றால், அதே பெயருள்ள பழைய பலகை கிடைத்தால் மாற்றலாம். வேறு பலகை என்றால் அதற்கேற்ற செயலி வேண்டும். அச்செயலிக்கேற்ற நினைவகம் வேண்டும். பெட்டி தனி வடிவினதாயின் திருகாணித் துளையும், முன்புற விசையின் கம்பியும் பொருந்தா. இவ்வளவும் வாங்கிய பின் பழைய பொறியில் எஞ்சுவது பெட்டியும் தட்டும் மட்டுமே. அதனைப் பழுது நீக்கிய பொறி என்று பதிவேட்டில் எழுதுவதைவிட, புதுப் பொறி கேட்டு எழுதுவதே நேர்மை.

திறப்பதற்கு முன்னும் பின்னும்

காப்புறுதிக் காலம் முடியாத பொறியை நாமே திறந்தால் அவ்வுறுதி இழக்கப்படலாம். அதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்க. திறக்கும்போது மின் செருகியைப் பிடுங்கி, விசையை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உறுப்புகளைத் தொடுக. 2018-இல் தொடங்கப்பெற்ற லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில், நினைவகத்தையும் தட்டையும் மாற்றும் வேலையை ஆசிரியர் முன்னிலையில் அவர்களிடமே ஒப்படைக்கலாம்; செயலி, மின் வழங்கி ஆகியவற்றை ஒப்படைத்தல் கூடாது.

நீக்கிய உறுப்புகள் அரசுச் சொத்து. ஒடிந்த அட்டையும் கணக்கில் வர வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடுதல் கூடாது. கேரளத்தில் அரசின் கிளீன் கேரளா கம்பெனி பள்ளிகளிடமிருந்து இத்தகைய கழிவுகளைப் பெற்று வந்திருக்கிறது. கழற்றிய வன்தட்டில் மாணவர்களின் பெயர், மதிப்பெண் முதலிய விவரங்கள் இருக்கும். அனுப்புமுன் அவற்றை முழுமையாக அழித்துவிட வேண்டும். கோப்பை நீக்குவது அழித்தலாகாது. தட்டின் எல்லாப் பகுதிகள் மீதும் வேறு செய்தியை எழுதுவதே அழித்தல்.

பெட்டியை மூடுமுன் ஒரு துண்டுத் தாளில் பின்வருவனவற்றை எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுக: பலகையின் பெயர், சாக்கெட்டின் எண், நினைவகத்தின் தலைமுறையும் அது ஏற்கும் உச்ச அளவும், காலிக் காடிகள், மின் வழங்கியின் வாட்டும் செருகியின் முனைகளும், மாற்றிய உறுப்பு, தேதி. பணிமாற்றம் பெற்று வரும் அடுத்த ஆசிரியர் அதைப் பார்த்தே வாங்கும் குறிப்பை எழுதிவிடலாம்.